நேரில் பார்த்திராத கலைஞருக்காக ஏன் அழுகிறோம்? ரசிகர் துக்கம் பற்றி ஓர் எளிய விளக்கம்

2023 செப்டம்பர் 8 அன்று காலை, சென்னையில் ‘எதிர்நீச்சல்’ தொலைக்காட்சித் தொடருக்கு டப்பிங் பேசச் சென்றிருந்த நடிகரும் இயக்குநருமான ஜி. மாரிமுத்துவுக்கு நெஞ்சுவலி ஏற்பட்டது. சற்று நேரத்தில் அவர் காலமானார் என்ற செய்தி வந்து சேர்ந்தது. அந்தத் தொடரில் அவர் ஏற்றிருந்த ஆதி குணசேகரன், வீட்டுப் பெண்கள் எவரையும் தலைநிமிர விடாத குடும்பத் தலைவர். இரவுதோறும் அந்தக் குணசேகரனை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே பார்த்த வீடுகளில்தான் அன்று துக்கம் கனத்துக் கிடந்தது. தேனி மாவட்டத்தில் அவருடைய சொந்த ஊரான பசுமலைத்தேரிக்கு உடல் கொண்டுசெல்லப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அவரை ஒருமுறைகூட நேரில் கண்டவர்கள் அல்லர்.

நமக்கு இரத்த உறவோ பழக்கமோ இல்லாத, நம் பெயரைக்கூட அறிந்திராத ஒரு கலைஞரின் மறைவில் நாம் அடையும் இந்த வருத்தத்தை ரசிகர் துக்கம் என்று அழைக்கலாம். இது வெறும் உணர்ச்சிவசப்படுதல் என்று ஒதுக்குவோர் நம்மிடையே பலர் உண்டு. ஆனால், இது எப்படி உருவாகிறது, ஏன் இது உண்மையான துக்கமாகவே உணரப்படுகிறது என்பதை ஆய்வாளர்கள் எழுபது ஆண்டுகளாக விளக்கி வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றை நமக்குத் தெரிந்த முகங்களின் வழியாகச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பழக்கம் உண்டாகும் விதம்

1956ஆம் ஆண்டில் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ‘சைக்கியாட்ரி’ என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொலைக்காட்சி அப்போதுதான் அமெரிக்க வீடுகளில் பரவிக்கொண்டிருந்தது. நிகழ்ச்சித் தொகுப்பாளர் கேமராவை நேராகப் பார்த்து, எதிரே அமர்ந்திருக்கும் நண்பரிடம் பேசுவதைப் போலப் பேசுகிறார். வீட்டிலிருப்பவரும் மனத்துக்குள் அதற்கு மறுமொழி சொல்லிக்கொள்கிறார். நாளடைவில் அந்த முகத்தைத் தமக்கு நன்கு தெரிந்தவராகவே கருதத் தொடங்குகிறார். இந்த ஒருவழி நெருக்கத்தை அவர்கள் பாராசோஷியல் உறவு என்று அழைத்தார்கள். ஒரு தரப்பு மற்றதை ஆழமாக அறிந்திருக்கிறது; மறு தரப்புக்கு இந்தத் தரப்பு இருப்பதே தெரியாது. ரசிகர் துக்கம் பற்றிய விளக்கங்கள் எல்லாம் இந்த இடத்திலிருந்துதான் கிளைவிடுகின்றன.

இந்த நெருக்கத்துக்கு அடிப்படையாக இருப்பது நேரம். வாரத்துக்கு ஐந்து, ஆறு நாட்கள் ஒளிபரப்பாகும் ஒரு சீரியலை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்ப்பவர், அதில் நடிப்பவரின் முகத்தைத் தம் சொந்தச் சித்தப்பாவின் முகத்தைவிட அதிக மணி நேரம் பார்த்திருப்பார். அவர் கோபம் வரும்போது எந்தப் புருவத்தைத் தூக்குவார், பொய் சொல்லும்போது குரல் எப்படி மாறும் என்பதெல்லாம் பார்ப்பவருக்கு அத்துப்படி. ஒருவரோடு பழகுவது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட அறிதல்தான். அது திரையின் வழியாகக் கிடைத்தாலும் மனம் அதைப் பழக்கமாகவே சேமித்துவைக்கிறது.

திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. திரையரங்கின் இருளில், ஆளுயரத்தைவிடப் பன்மடங்கு பெரிதாகத் தோன்றும் நட்சத்திரத்தை நாம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை தேடிப்போய்ப் பார்க்கிறோம். அவருடைய மறைவு ஒரு காலம் முடிந்துபோன உணர்வைத் தருகிறது. தொலைக்காட்சி நடிகரோ, நாம் காய் நறுக்கும்போதும், பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதும், துணி மடிக்கும்போதும் கூடத்தின் மூலையில் பேசிக்கொண்டே இருந்தவர். அவர் மறைந்தால் வீட்டில் ஒரு குரல் குறைகிறது. பெரிய நட்சத்திரங்களுக்கு நிகராக ஒரு சீரியல் நடிகருக்கு மக்கள் அழுவதைக் கண்டு வியப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

பாத்திரத்தையும் மனிதரையும் பார்வையாளர்கள் குழப்பிக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் அடிக்கடி சொல்லப்படுவதுண்டு. மாரிமுத்துவின் மறைவு அதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டியது என்றே கருதுகிறேன். குணசேகரனை வெறுத்தவர்கள், இயக்குநராகும் கனவோடு ஊரைவிட்டு வந்து, உதவி இயக்குநராகப் பல ஆண்டுகள் உழைத்து, ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ ஆகிய படங்களை இயக்கி, வயது ஏறிய பிறகு நடிகராகப் பெயர் பெற்ற மனிதரைப் பேட்டிகளின் வழியாக அறிந்திருந்தார்கள். வெறுப்பு பாத்திரத்தோடு நின்றது. துக்கம் மனிதருக்குச் சென்றது. அவ்வளவு வெறுப்பை வரவழைத்த நடிப்புக்கு மரியாதையும் அந்தத் துக்கத்தில் கலந்திருந்தது.

ஆனாலும், பாத்திரம் வாழ்ந்த இடத்தின் மீது மனம் கொள்ளும் பற்று எளிதில் போவதில்லை. ‘ஃபிரண்ட்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடரில் நடித்த மேத்யூ பெர்ரி 2023 அக்டோபர் 28 அன்று லாஸ் ஏஞ்சலஸில் இறந்தபோது, ரசிகர்கள் நியூயார்க் நகரில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் முன் மலர்களையும் கடிதங்களையும் வைத்தார்கள். அந்தக் கட்டடத்தின் வெளித்தோற்றம் மட்டுமே தொடரில் காட்டப்பட்டது. படப்பிடிப்பு பெரும்பாலும் கலிஃபோர்னியாவிலுள்ள ஸ்டூடியோவில் நடந்தது. மலர் வைத்தவர்களுக்கும் அது தெரியாததல்ல. இறந்தவரின் வீட்டு வாசலுக்குப் போய் நிற்பது மனித வழக்கம். அவர்கள் அறிந்திருந்த வாசல் அது ஒன்றுதான்.

‘உனக்கென்ன அவர் மாமனா, மச்சானா?’

ரசிகர் துக்கத்தின் கடினமான பகுதி, அதை வெளியே சொல்ல முடியாமல் போவது. 1989இல் கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர், சமூகம் ஏற்றுக்கொள்ளாத துக்கம் என்ற கருத்தை விரிவாக எழுதினார். இழப்பு ஒன்று நேர்ந்திருக்கிறது. ஆனால், அதற்காக வெளிப்படையாக வருந்தும் உரிமை அந்த நபருக்கு இருப்பதாகச் சுற்றியிருப்போர் கருதுவதில்லை. மணவிலக்குப் பெற்ற துணையின் மரணம், கருச்சிதைவு, வளர்த்த நாயின் இறப்பு ஆகியவற்றோடு, நேரில் பழகாத கலைஞரின் மறைவையும் இந்த வரிசையில் வைக்கலாம்.

நம் ஊரில் சாவு வீட்டுக்கு எத்தனை ஏற்பாடுகள் உண்டு என்று எண்ணிப் பார்த்தால் இது நன்கு விளங்கும். செய்தி சொல்லி அனுப்புகிறோம். பந்தல் போட்டுப் பெஞ்சு போடுகிறோம். பங்காளிகள் யார், மாமன் மச்சான் யார் என்ற முறைப்படி கோடித்துணி வருகிறது. அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொடுக்கிறார்கள். மூன்றாம் நாள் பால் தெளிப்பும் பதினாறாம் நாள் காரியமும் முடியும்வரை ஆள் மாற்றி ஆள் வந்து துக்கம் விசாரிக்கிறார்கள். இறந்தவரைப் பற்றி மீண்டும் மீண்டும் பேச வைப்பதே அந்த விசாரிப்பின் பயன். ரசிகருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. அவருக்கு அலுவலகத்தில் விடுப்பு இல்லை. வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்கப் போவதில்லை. கண் கலங்கினால் ‘உனக்கென்ன அவர் மாமனா, மச்சானா?’ என்ற கேள்விதான் வரும்.

ஆகவே, ரசிகர்கள் தங்களுக்கென்று சடங்குகளைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். தெருமுனையில் மாலையிட்ட படம், ஆட்டோ நிறுத்தத்தில் கறுப்புக் கொடி, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று அச்சிட்ட சுவரொட்டி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு பாட்டு ஆகியவை யாவும் அந்த வகைதான். 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபோது, தந்தைக்குச் செய்வதைப் போல மொட்டையடித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். உறவுமுறை வகுத்துத் தராத துக்கத்துக்கு, இருக்கின்ற உறவுமுறைகளில் மிக நெருங்கியதையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. 1926 ஆகஸ்டில் மௌனப்பட நாயகர் ருடால்ஃப் வாலண்டினோ முப்பத்தொரு வயதில் இறந்தபோது, நியூயார்க்கில் அவருடைய உடல் வைக்கப்பட்டிருந்த இடத்தில் பல்லாயிரவர் திரண்டு, நெரிசலில் கண்ணாடிகள் நொறுங்கின.

கூடுவதற்கே வழியில்லாத ஒரு துக்கத்தையும் நம் தலைமுறை பார்த்துவிட்டது. எஸ்.பி. பாலசுப்ரமணியம் கொரோனா தொற்றுக்காக 2020 ஆகஸ்டில் சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஆகஸ்ட் 20 மாலை ஆறு மணிக்கு, திரையுலகினரின் வேண்டுகோளை ஏற்று, மக்கள் அவரவர் இருந்த இடத்திலேயே அவருடைய பாடலை ஒலிக்கவிட்டு வேண்டிக்கொண்டார்கள். செப்டம்பர் 25 அன்று அவர் மறைந்தார். மறுநாள் திருவள்ளூர் மாவட்டம் தாமரைப்பாக்கத்திலுள்ள அவருடைய பண்ணை வீட்டில் நல்லடக்கம் நடந்தது. நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகள் இருந்த நேரம் என்பதால், வழக்கமாக இத்தகைய கலைஞருக்குச் சேர வேண்டிய பெருங்கூட்டம் சேரவில்லை. அந்த நாட்களில் ரசிகர்கள் செய்தது கேட்பது ஒன்றுதான். மூச்சு விடாமல் பாடியதாகக் கொண்டாடப்படும் ‘கேளடி கண்மணி’ படப் பாடலை மீண்டும் கேட்டார்கள். வரிகளின் நடுவே அவர் கலந்துவிடும் அந்தச் சின்னச் சிரிப்பு எந்தெந்தப் பாட்டில் எங்கே வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இதைவிடச் சிறந்த துக்க விசாரிப்பு ஒரு பாடகருக்கு வாய்க்காது என்று நினைக்கிறேன்.

சிரிக்க வைத்தவர்கள் போகும்போது

நகைச்சுவை நடிகரின் மறைவு தனி வகை. 2021 ஏப்ரல் 17 அன்று விவேக் மாரடைப்பால் காலமானார். அன்று காலை முதல் எல்லாச் செய்தி அலைவரிசைகளிலும், இறுதி மரியாதைக் காட்சிகளுக்கு நடுவே, அவருடைய நகைச்சுவைக் காட்சிகள் ஓடின. ‘ரன்’ படத்தில் சென்னைக்குப் புதிதாக வந்து, ஏமாந்து, காக்கா பிரியாணி சாப்பிட்டுவிட்டு அவர் படும் பாட்டைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது கடினம். சிரித்த அடுத்த நொடி, ஏன் இப்போது இது ஓடுகிறது என்பது நினைவுக்கு வரும். சிரிப்பும் அழுகையும் இப்படி முட்டிக்கொள்வதால், தாம் சரியாகத்தான் வருந்துகிறோமா என்ற குழப்பம் பலருக்கு ஏற்பட்டது. அந்தக் குழப்பத்துக்குத் தேவையே இல்லை. சாவு வீட்டுத் திண்ணையில் இரவு முழுவதும் விழித்திருப்பவர்கள், இறந்த பெரியவர் செய்த வேடிக்கைகளைச் சொல்லிச் சிரிப்பதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அந்தச் சிரிப்பு அவரிடம் நமக்கிருந்த பற்றின் பகுதி.

நகைச்சுவை நடிகரின் வசனம் நம் அன்றாடப் பேச்சில் கலந்துவிடுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. சம்பளம் தாமதமானால், பேருந்து நிற்காமல் போனால், பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால், நாம் சொல்லிக்கொள்ளும் வரி பல வேளைகளில் ஒரு நடிகருடையது. நாகேஷ் 2009 ஜனவரி 31 அன்றும், மனோரமா 2015 அக்டோபர் 10 அன்றும் மறைந்தார்கள். இருவரின் பேச்சு நடையும் அவர்களின் படம் வெளியானபோது பிறந்தே இராதவர்களின் வாயில் இன்றும் வருகிறது. எனவே, இத்தகைய கலைஞர் இறக்கும்போது நாம் இழப்பது ஒரு முகத்தை மட்டும் அன்று. நம்முடைய பேச்சுக்குச் சொல் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவரை.

துக்கம் முடிய வேண்டுமா?

சிக்மண்ட் ஃபிராய்ட் 1917இல் எழுதிய கட்டுரையின் செல்வாக்கால், இறந்தவர் மீது வைத்த பற்றைச் சிறிது சிறிதாக விலக்கிக்கொள்வதே ஆரோக்கியமான துக்கம் என்ற எண்ணம் உளவியலில் நெடுங்காலம் நிலவியது. 1996இல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மேன், ஸ்டீவன் நிக்மேன் ஆகிய மூவர் பதிப்பித்த நூல் இதை மறுத்தது. இறந்தவரோடு உள்ள பிணைப்பு அறுவதில்லை, வேறு வடிவம் எடுத்துத் தொடர்கிறது, அப்படித் தொடர்வது நோயும் அன்று என்பது அவர்களின் நிலைப்பாடு. ஆண்டுதோறும் திதி கொடுத்து, அமாவாசைக்குப் படையலிட்டு, இறந்த தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமக்கு இது புதுச் செய்தி இல்லை.

கலைஞரைப் பொறுத்தவரை இந்தத் தொடர்ச்சி இன்னும் எளிது. ஏனெனில் அவருடைய வேலை அப்படியே இருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் இறந்தால் முதலில் மறந்துபோவது குரல் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாடகரின் குரலோ முதல் நாள் கேட்டதைப் போலவே நாளையும் கேட்கும். இதில் ஆறுதலும் உண்டு, வலியும் உண்டு. தொலைக்காட்சித் தொடரில் இந்த வலி கூர்மையாகத் தெரியும். கதை நிற்பதில்லை, ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற வரியோடு வேறொருவர் வந்துவிடுவார். குணசேகரன் பாத்திரத்தைப் பின்னர் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி ஏற்றார். அதற்குப் பழக மனம் நேரம் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. அமெரிக்காவின் குழந்தைகள் நிகழ்ச்சியான ‘செசமி ஸ்ட்ரீட்’ வேறு வழியைத் தேர்ந்தது. அதில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982இல் இறந்தபோது, வேறொருவரை நடிக்கவைக்காமல், ஹூப்பரும் இறந்துவிட்டார் என்றே 1983இல் ஒரு பகுதியை எடுத்தார்கள். அவர் இனி வரமாட்டார் என்பதைப் பெரியவர்கள் பொறுமையாகப் பிக் பேர்டு என்ற பொம்மைப் பறவைக்கு விளக்குகிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு மரணத்தை ஒளிக்காமல் சொல்லிய அந்தப் பகுதி இன்றளவும் முன்மாதிரியாகப் பேசப்படுகிறது.

நினைவு நீடிக்கும் வடிவங்கள் பல. மெரினாவில் எம்.ஜி.ஆர். நினைவிடத்துக்குச் சென்றால், சமாதிக் கல்லின் மீது குனிந்து காதை வைத்துக் கேட்பவர்களை இன்றும் காணலாம். அவரோடு புதைக்கப்பட்ட கைக்கடிகாரம் துடிப்பது கேட்கும் என்பது நம்பிக்கை. வெளியூரிலிருந்து குடும்பமாக வரும் பெரியவர்கள், தாங்கள் கேட்டுவிட்டுப் பேரப்பிள்ளைகளையும் காதை வைக்கச் சொல்வார்கள். அது நடக்கக்கூடியதா என்று அங்கே நின்று வாதிடுவதில் பொருளில்லை. அந்தக் கல்லுக்குக் கீழே தமக்கு வேண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்ற உணர்வைத்தான் அவர்கள் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறார்கள்.

மாலையும் சுவரொட்டியும் சில நாட்களில் வாடிக் கிழிந்துவிடும். அந்தக் கலைஞர் விரும்பிச் செய்த ஒரு வேலையைத் தொடர்வதாக அமையும் நினைவுகூரல்தான் நீண்டு நிற்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அப்துல் கலாமின் ஊக்கத்தால் ஒரு கோடி மரக்கன்று நடுவது என்ற இலக்கை விவேக் வைத்திருந்தார். முப்பது இலட்சத்துக்கும் மேல் நட்ட நிலையில் மறைந்தார். அவர் இறந்த நாளிலிருந்தே ரசிகர்கள் பல ஊர்களில் கன்று நட்டு அஞ்சலி செலுத்தினார்கள். அவர் வாழ்ந்த விருகம்பாக்கத்தில் ஒரு சாலைக்கு 2022இல் ‘சின்னக் கலைவாணர் விவேக் சாலை’ என்று பெயரிடப்பட்டது. அந்தப் பட்டம் 1957இல் மறைந்த என்.எஸ். கிருஷ்ணனையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது. 2023 டிசம்பர் 28 அன்று மறைந்த விஜயகாந்த், படப்பிடிப்பில் கடைநிலைத் தொழிலாளிக்கும் தமக்குப் பரிமாறும் அதே உணவே பரிமாறப்பட வேண்டும் என்று நடத்திக் காட்டியவர். கோயம்பேட்டில் அவருடைய நினைவிடத்தில் அன்னதானம் நடப்பது அதனால்தான் இயல்பாகப் பொருந்துகிறது. பசியோடு வருபவர் அவருடைய படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட அங்கே இல்லை.

கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று நாற்பத்தாறு வயதில் இறந்தபோது, தந்தை ராஜ்குமாரைப் போலவே அவருடைய கண்களும் தானம் செய்யப்பட்டன; அவற்றால் நால்வர் பார்வை பெற்றார்கள். அதைத் தொடர்ந்து கர்நாடகத்தில் கண் தானத்துக்குப் பதிவு செய்வோர் எண்ணிக்கை பெருகியது. ரசிகர் கூட்டம் என்றாலே கட்டவுட்டும் பாலாபிஷேகமும்தான் என்று பேசுவோர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குணச்சித்திர நடிகர்களுக்கு இந்த நினைவு பெரும்பாலும் தாமதமாகவே வந்து சேர்கிறது. 2024 நவம்பர் 9 அன்று மறைந்த டெல்லி கணேஷ், இந்திய விமானப்படையில் பணியாற்றி, நாடக மேடைக்கு வந்து, கே. பாலசந்தரால் ‘பட்டினப் பிரவேசம்’ படத்தில் அறிமுகமாகி, நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். அப்பாவாக, மாமாவாக, சமையற்காரராக அவர் வந்துபோன காட்சிகளை ஒவ்வொருவரும் தனித்தனியே நினைவில் வைத்திருந்தார்கள் என்பது அவர் போன பிறகுதான் ஒன்றாகத் திரண்டு தெரிந்தது. இத்தகைய கலைஞர்களுக்கு ரசிகர் மன்றமோ நினைவு மண்டபமோ இருக்காது. குறிப்பிட்ட ஒரு காட்சியைச் சொல்லி, அதில் அவர் என்ன செய்தார் என்று நான்கு வரி எழுதுவதே அவர்களுக்குச் செய்யக்கூடிய சரியான அஞ்சலி.

காயப்படுத்தாமல் நினைப்பது

துக்கத்தின் பெயரால் நடக்கும் சில காரியங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடிகர் சரத்பாபு 2023 மே 22 அன்று மறைந்தார். ஆனால், அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, மே மாதத் தொடக்கத்தில், அவர் இறந்துவிட்டதாகச் செய்தி பரவி, அது பொய் என்று குடும்பத்தினர் மறுப்புச் சொல்ல நேர்ந்தது. மருத்துவமனையில் கவலையோடு காத்திருப்பவர்களுக்கு அது எத்தகைய கொடுமை! குடும்பத்தார் அல்லது மருத்துவமனையின் அறிக்கை வரும்வரை ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதாமல் இருப்பது ஒவ்வொரு ரசிகரும் செய்யக்கூடியது. சாவு வீட்டில் அழுகின்ற மனைவி, பிள்ளைகளின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டுவதும், மரணத்தின் காரணம் பற்றி ஊகம் கட்டிக் காணொளி வெளியிடுவதும் எந்த வகையிலும் அன்பாகாது.

இன்னொன்றும் உண்டு. எம்.ஜி.ஆர். மறைவின்போதும் புனீத் மறைவின்போதும் சில ரசிகர்கள் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். அவ்வாறு செய்யவேண்டாம் என்று புனீத்தின் குடும்பத்தினர் தங்கள் துக்கத்துக்கு நடுவே வேண்டுகோள் விடுக்க வேண்டியிருந்தது. கலைஞரின் மறைவு, நமக்குள் முன்பே இருக்கும் ஒரு பழைய இழப்பைக் கிளறிவிடுவதுண்டு. அப்பா இறந்தபோது அழாதவர், அப்பாவுக்குப் பிடித்த பாடகர் இறந்தபோது அழுவார். அழுகை வடிந்துவிட்டால் நல்லது. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, உயிர்வாழ்வதில் பிடிப்பு குறைவதாகத் தோன்றினால், நம்பிக்கையான ஒருவரிடம் உடனே பேச வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

இறந்த பிறகு வரும் புதிய குரல்

இந்தத் துறையில் அண்மையில் எழுந்திருக்கும் கேள்வி, செயற்கை நுண்ணறிவால் வந்தது. 2024 தொடக்கத்தில் ‘லால் சலாம்’ படத்தின் ஒரு பாடலில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரகுமான் இந்தத் தொழில்நுட்பத்தால் மீட்டுப் பயன்படுத்தினார். இரு குடும்பங்களிடமும் அனுமதி பெற்று, உரிய தொகையும் வழங்கியதாக அவர் தெரிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான விஜய் படத்தில், குடும்பத்தினரின் ஒப்புதலோடு விஜயகாந்தின் உருவம் ஒரு காட்சியில் தோன்றியது. அந்தப் படத்திலேயே, 2024 ஜனவரி 25 அன்று மறைந்த பாடகி பவதாரிணியின் குரலில், இதே தொழில்நுட்பத்தால் உருவான ஒரு பாட்டும் இடம்பெற்றது. இசையமைத்தவர் அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா. மறுபுறம், ஒரு தெலுங்குப் படத்தில் அனுமதி கேட்காமல் தந்தையின் குரலை இவ்வாறு உருவாக்கியதாகக் கூறி, எஸ்.பி.பி.யின் மகன் எஸ்.பி. சரண் படக்குழுவுக்குச் சட்ட அறிவிப்பு அனுப்பினார்.

பழைய பாடலைக் கேட்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ரசிகர்கள் தெளிவாக உணர்ந்திருக்க வேண்டும். பழைய பாடலில் கேட்பது, அந்தக் கலைஞர் ஒரு குறிப்பிட்ட நாளில் மைக் முன் நின்று, தாமே முடிவு செய்து பாடியது. புதிய குரலில் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், எங்கே மூச்சை நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தவர் வேறொருவர். தம்பி ஒருவர் அக்காவின் குரலை மீண்டும் ஒருமுறை கேட்க விரும்பியதை யாரும் குறை சொல்ல முடியாது. என்னாலும் அந்தப் பாட்டை மனம் இளகாமல் கேட்க முடிவதில்லை. ஆயினும், இது வழக்கமாகிவிட்டால், ஒரு பாட்டு அந்தக் கலைஞர் உயிரோடிருந்தபோது பாடியதா, பின்னர் செய்யப்பட்டதா என்று பிரித்தறிவது இனி வரும் ரசிகர்களுக்குக் கடினமாகும். ஆகையால், குடும்பத்தின் அனுமதி பெறப்பட்டதா என்பதோடு, அந்தக் குரல் எவ்வாறு உருவானது என்பதைப் படத்தின் பெயர்ப் பட்டியலிலும் பாடல் வெளியீட்டிலும் வெளிப்படையாக எழுதவேண்டும் என்று கேட்கும் உரிமை ரசிகர்களுக்கு உண்டு. அதை இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும்.